மீரா முகர்ஜியும் நம் மெழுகும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கும்பகோணத்தில் பிள்ளைகளுக்கு ஓவியமும் மண்சிற்பமும் சொல்லித் தருகிறேன். வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவை அவர்களைச் சுவாமிமலைப் பட்டறைகளுக்குக் கூட்டிப்போவேன். கிளம்புவதற்கு முதல் நாள், அதிகம் கண்டுகொள்ளப்படாத சிற்பி மீரா முகர்ஜியைப் பற்றி ஒரு மணி நேரம் பேசிவிடுவேன். "நடராசர் வார்க்கிற இடத்தைப் பார்க்கப் போறோம், இந்த வங்காளத்து அம்மா எதுக்கு டீச்சர்?" என்று பெற்றோரில் ஒருவராவது கேட்டுவிடுவார்கள். அந்தக் கேள்வியையும் அதன் பின்னால் வந்தவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டால் எனக்கும் தொண்டை வலி மிச்சம்.

யார் இந்த மீரா முகர்ஜி?

1923இல் கல்கத்தாவில் பிறந்தவர், 1998இல் காலமானார். சிறுமியாக இருக்கும்போதே ஓவியர் அவனீந்திரநாத் தாகூர் வழிவந்த கீழைக் கலைச் சங்கப் பள்ளியில் படம் வரையக் கற்றார். பிறகு டெல்லி பாலிடெக்னிக்கில் படிப்பு. 1953இல் உதவித்தொகை கிடைத்து ஜெர்மனியின் மியூனிக் நகரக் கலை அகாதெமிக்குப் போனார். போகும்போது ஓவியர், திரும்பும்போது சிற்பி. அங்கே டோனி ஸ்டாட்லர் என்ற சிற்பி அவரைச் சிற்பத்தின் பக்கம் திருப்பிவிட்டார்.

ஊர் திரும்பியவருக்கு ஒரு சங்கடம். கற்றுவந்த ஐரோப்பிய உருவ மொழி கைக்கு வந்துவிட்டது, மனசுக்கு ஒட்டவில்லை. டார்ஜிலிங் பக்கத்துக் குர்சியாங்கிலும் கல்கத்தாவிலும் சில வருஷம் பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்தார். அதன் பிறகு, இன்றைய சத்தீஸ்கரில் இருக்கும் பஸ்தருக்குப் போய், அங்கே காலங்காலமாக உலோகம் வார்க்கிற கட்வா குடும்பங்களோடு உட்கார்ந்து வேலை கற்றார். மியூனிக்கில் படித்துவிட்டு வந்த ஒரு பெண், காட்டோரக் கிராமத்தில் தரையில் உட்கார்ந்து மெழுகு உருட்டக் கற்றுக்கொண்டார். இந்த ஒரு வரிக்காகத்தான் அந்த ஒரு மணி நேரமும் பேசுகிறேன்.

1960களின் தொடக்கத்தில் இந்திய மானிடவியல் ஆய்வகத்துக்காக நாட்டின் உலோகக் கைவினைஞர்களைத் தேடி ஊர் ஊராக அலைந்தார். அது 1978இல் புத்தகமாக வந்தது. உலோகத் தொழிலைப் பற்றி வெளியாள் எழுதியதுபோல இருக்காது அது, உலை அனலில் நின்றவர் எழுதியது. 1992இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

கல்கத்தாக்காரருக்கும் காவிரிக்கரைக்கும் என்ன சம்பந்தம்?

மெழுகுதான் சம்பந்தம். சுவாமிமலையில் நடப்பதும் பஸ்தரில் நடப்பதும் ஒரே குடும்பத்துத் தொழில். மெழுகில் உருவம் செய், மண்ணால் மூடு, சுட்டு மெழுகை வெளியேற்று, அது விட்டுப்போன வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்று, மண்ணை உடை. மொகஞ்சதாரோவில் கிடைத்த பத்தரை சென்டிமீட்டர் நடனப் பெண்ணும் இப்படிப் பிறந்தவள்தான்.

இன்னொரு சம்பந்தமும் உண்டு, அது கொஞ்சம் கசப்பானது. செய்தவர் பெயர் விட்டுப்போவது. அதைப் பற்றிக் கீழே.

நம் வார்ப்பும் பஸ்தர் வார்ப்பும் ஒன்றேதானா?

அடிப்படை ஒன்று, நடைமுறை வேறு. இந்த வேறுபாடு புரியாமல் மீராவின் சிற்பத்தைப் பார்த்தால் "ஏன் இவ்வளவு கரடுமுரடாக இருக்கு?" என்றுதான் தோன்றும். ஆகையால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் நம் பக்கம். தேன்மெழுகு, குங்கிலியம், கடலையெண்ணெய் மூன்றையும் காய்ச்சி வடிகட்டித் தண்ணீரில் ஊற்றிக் கெட்டியாக்கிக்கொள்வார்கள். தென்னை ஓலையை ஒரு கீற்றாகக் கிழித்து மடித்து மடித்துத் தாள அளவு குறித்துக்கொள்வார்கள். முகம் ஒரு தாளம், மற்றதெல்லாம் அதிலிருந்து. ஓலைக்கீற்றை மடித்து எடுத்த அளவிலிருந்து ஆளுயர உருவம் எழும்புவதைப் பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பார்கள். மெழுகுருவம் முடிந்ததும் காவிரி வண்டல் பூச்சு. வழவழவென்று அரைத்த வண்டல், சந்தனம் பூசுவதுபோல முதல் பூச்சு. அது நகத்தின் கோடுவரை பிடித்துக்கொள்ளும். நிழலில் காயவேண்டும், அவசரப்பட்டு வெயிலில் வைத்தால் மெழுகு இளகி வேலை கெட்டுவிடும். அதற்குமேல் வயல்மண்ணும் மணலும் கலந்த கனத்த பூச்சுகள், இரும்புக் கம்பிக் கட்டு. பிறகு வரட்டி அடுக்கிச் சூடு காட்டினால் மெழுகு உருகி, அச்சில் விட்டிருக்கும் 'வழி' என்ற துளை வழியே வெளியே ஓடிவிடும். அச்சைத் தரையில் புதைத்து, மூசை என்ற உருக்குக் குடுவையில் உருகிய உலோகத்தை அந்த வழியில் நூல் பிடித்ததுபோல ஊற்றுவார்கள். இடையில் கை நின்றால் போச்சு.

நம் திருமேனி கனவார்ப்பு, உள்ளே முழுக்க உலோகம். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டே "கனமாக" என்று குறித்துத்தான் சொல்கிறது. உள்ளே பொள்ளலான சாமியை நம் ஊரில் யாரும் தோளில் ஏற்றிக்கொள்ள மாட்டார்கள்.

பஸ்தரில் தொடங்குவதே மண்ணில். உமி கலந்த களிமண்ணால் உள்ளுரு பிடித்துக்கொள்வார்கள். தேன்மெழுகை மரக்குழலில் போட்டு அழுத்தினால் நூல் நூலாக வரும், இடியாப்பம் பிழிவதை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த நூலை உள்ளுருவின் மேல் பக்கத்தில் பக்கமாகச் சுற்றி ஒட்டுவார்கள். அதன் மேல் மண் பூச்சு, சூடு, உலோகம். முடிந்த பிறகு மெழுகு நூல் ஓடிய தடம் அப்படியே பித்தளையில் நிற்கும். நாம் டோக்ரா என்று கைவினைக் கடைகளில் வாங்கும் யானையின் முதுகில் தடவிப் பார்த்தால் அந்த நூல் விரலுக்குத் தட்டுப்படும்.

நம்முடையது உள்ளிருந்து நிறைந்து வருவது, அவர்களுடையது மேலே சுற்றிக்கொண்டு வருவது. நாம் முடிவில் ராவி, செதுக்கி, தேய்த்து மினுக்குவோம். அவர்கள் தடத்தையே அழகாக்கிக்கொண்டார்கள்.

அப்படியானால் மீரா புதிதாக என்ன செய்தார்? இருப்பதைத்தானே எடுத்துக்கொண்டார்?

எடுத்துக்கொண்டார், உண்மை. யாரிடம் எடுத்தார் என்பதையும் கடைசிவரை சொல்லிக்கொண்டே இருந்தார். ஆனால் பஸ்தரில் அந்த முறை பெரும்பாலும் கைக்குள் அடங்கும் சாமிகளுக்கும் யானை, குதிரைகளுக்கும் பயன்பட்டது. மீரா அதை ஆளுயரத்துக்கும் அதற்கு மேலேயும் கொண்டுபோனார். உருவத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து வார்த்து இணைத்தார். மேற்பரப்பில் மெழுகு நூலையும் பட்டையையும் இழைக்கும்போது, அலங்காரத்துக்காக இழைக்காமல் உடம்பு எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமாக இழைத்தார். துடுப்புப் போடுகிறவனின் முதுகில் ஓடும் கோடுகளும் அலையின் கோடுகளும் ஒன்றில் ஒன்று கலந்துவிடும்.

இதைச் சொல்லி விளக்குவது கஷ்டம். சுவாமிமலையில் எனக்குப் பழக்கமான மூத்த ஸ்தபதி ஒருவரிடம் ஒரு தடவை செல்பேசியில் மீராவின் அசோகர் படத்தைக் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளிவிட்டு, திரையை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"ராவவே இல்லையே டீச்சர்?"

"அந்தம்மா அப்படியேதான் விடுவாங்க ஐயா."

"காசு பத்தலையோ?"

"இல்லீங்க ஐயா. வேணும்னே விடுறது."

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பக்கத்தில் மெழுகுக் கை ஒன்று தண்ணீர்ச் சட்டியில் மிதந்துகொண்டிருந்தது, அபய ஹஸ்தம். அதை எடுத்துக் கட்டைவிரலால் ஒரு தடவு தடவினார். ரேகை பதிந்தது. சுட்ட கரண்டியை லேசாகக் காட்டினார், ரேகை போய்விட்டது.

"நாங்க கையை அழிச்சாத்தான் வேலை முடிஞ்சதுன்னு அர்த்தம். இந்தம்மா கையை வச்சுட்டுப் போயிருக்காங்க."

மீராவைப் பற்றி எத்தனையோ கட்டுரை படித்திருக்கிறேன். இதைவிடக் கச்சிதமாக யாரும் சொல்லி நான் கேட்கவில்லை.

அசோகர் என்கிறீர்களே, அது என்ன சிற்பம்?

கலிங்கப் போர் முடிந்து நிற்கிற அசோகர். 1972இல் செய்தது, இன்று டெல்லி ஐடிசி மௌரியா ஓட்டல் வளாகத்தில் இருக்கிறது. பாடப்புத்தகத்துக் கம்பீர அசோகரை எதிர்பார்த்துப் போகாதீர்கள். இவர் ஜெயித்த ராஜா மாதிரியே இருக்க மாட்டார். பேருருவம்தான், ஆனால் அந்த உடம்பெல்லாம் மெழுகுக் கோடுகளும் முடிச்சுகளும் புடைப்புகளும் படர்ந்திருக்கும். உருகி ஓடிய உலோகம் அங்கங்கே உறைந்து நின்றது மாதிரி. போரின் சூடு இன்னும் ஆறவில்லை என்பதற்கு வேறு அடையாளம் எதுவும் வேண்டியதில்லை.

அரசர்களைவிட அவர் அதிகம் செய்தது உழைக்கிறவர்களை. படகோட்டி, ஊர் ஊராகப் பாடித் திரியும் வங்காளத்துப் பாவுல் பாடகர், பிள்ளையைச் சுமக்கும் பெண், சுரங்கத் தொழிலாளி. 'அன்றாட உழைப்பின் ஆன்மா' என்று ஒரு சிற்பத்துக்குப் பெயரே வைத்தார். நம் பக்கத்தில் நடவு நடும் பெண்கள் வரிசையாகக் குனிந்து பின்வாங்கிப் போவார்களே, அதைச் செம்பில் பிடித்திருந்தால் அது மீராவின் கையில்தான் சரியாக வந்திருக்கும் என்று எனக்கொரு நினைப்பு. நம்மிடம் ஆயிரம் வருஷத்துச் செம்பு இருக்கிறது, நடவுக்காரி அதில் இல்லை.

பத்மஸ்ரீ வாங்கியவரை எப்படிக் "கண்டுகொள்ளப்படாதவர்" என்று சொல்கிறீர்கள்?

விருது வேறு, பேச்சில் இருப்பது வேறு. நவீன இந்தியச் சிற்பம் என்றால் நம் பிள்ளைகள் சொல்லும் பெயர்களைக் கேட்டுப்பாருங்கள். சாந்திநிகேதனில் 'சந்தால் குடும்பம்' செய்த ராம்கிங்கர் பைஜ் வருவார். மெரினாவில் உழைப்பாளர் சிலை செய்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி வருவார். நம் ஊரில் தனபால், ஜானகிராமன், நந்தகோபால் வருவார்கள். எல்லாரும் பெரியவர்கள், சந்தேகமில்லை. மீரா வரமாட்டார். அவர் பிறந்த அதே 1923இல் பிறந்து பம்பாயில் பழைய இரும்பையும் உலோகத் துண்டுகளையும் சிற்பமாக்கிய பிலூ போச்கானாவாலாவும் வரமாட்டார்.

என் கணிப்பில் இதற்கு முதல் காரணம், மீரா கல்லூரிப் பேராசிரியராக இருக்கவில்லை. நம் நாட்டில் சிற்பியின் புகழ் மாணவர்கள் வழியாகத்தான் ஓடுகிறது. பரோடாவில் சங்கோ சௌத்ரி, சென்னையில் தனபால் என்று துறைக்குத் துறை ஒரு ஆசான், அவர் பெயரைச் சொல்ல ஒரு பரம்பரை. மீரா பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார், கல்கத்தாவுக்கு வெளியே எலாச்சி கிராமத்தில் வேலை செய்தார். கிராமத்துப் பிள்ளைகள் கலை வரலாறு எழுத மாட்டார்கள்.

அடுத்தது, அவர் நின்ற இடம். நவீனக் கலைக்காரர்களுக்கு அவர் செய்வது 'கைவினை' மாதிரி தெரிந்தது. கைவினைப் பக்கத்தாருக்கு அவர் ஜெர்மனியில் படித்த நகரத்து அம்மா. இரண்டு வீட்டுக்கும் பொதுவான திண்ணையில் உட்கார்ந்தவரை இரண்டு வீட்டிலும் சாப்பிடக் கூப்பிட மறந்துவிட்டார்கள். எங்கள் பக்கத்திலும் இது நடக்கிறது. சில வருஷம் முன்னால் ஒரு கண்காட்சியில் என் மாணவியின் வார்ப்புச் சிற்பத்தைக் கொண்டுபோய் ஊறுகாய்க்கும் கோரைப் பாய்க்கும் நடுவில் வைத்துவிட்டார்கள். கோரைப் பாயின் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் பக்கத்து அரங்கில் இருந்த கான்வாஸ்களுக்கு மட்டும் விளக்குப் போட்டிருந்தார்கள்.

பெண் என்பது காரணமில்லையா என்று கேட்பீர்கள். உலை, மூசை, உருகிய உலோகம் எல்லாமே ஆம்பிளை வேலை என்ற நினைப்பு கல்கத்தாவிலும் இருந்தது, கும்பகோணத்திலும் இருக்கிறது. அதை வேறு காரணம் என்று தனியாகப் பிரித்துச் சொல்ல முடியாது. மற்ற எல்லாக் காரணத்துக்குள்ளும் உப்பு மாதிரி கரைந்திருக்கிறது.

மிருணாளினி முகர்ஜி இவருடைய மகளா?

இல்லை. பெயர்தான் ஒன்று. மிருணாளினி (1949–2015) ஓவியர் வினோத் பிகாரி முகர்ஜிக்கும் சிற்பி லீலா முகர்ஜிக்கும் மகள். சணல் கயிற்றை முடிச்சுப்போட்டு முடிச்சுப்போட்டு ஆளுயரத் தெய்வங்கள் மாதிரியான உருவங்களை எழுப்பியவர். பின்னாளில் அவரும் மெழுகு வழியாக வெண்கலத்துக்கு வந்தார். டெல்லி தேசிய நவீனக் கலைக்கூடத்தில் அவருடைய பெரிய கண்காட்சி திறந்த சில நாட்களிலேயே இறந்துபோனார். 2019இல் நியூயார்க்கில் மெட் ப்ரூயர் அருங்காட்சியகத்தில் தனிக் கண்காட்சி, 2022இல் வெனிஸ் பியன்னாலே என்ற சர்வதேசக் கலைக்காட்சி என்று உலகம் அவரைத் தேடிவந்தது எல்லாம் அவர் போன பிறகு. தாயார் லீலா மரத்திலும் வெண்கலத்திலும் அருமையாகச் செய்தவர். அவரைக் கணவரின் பெயரையும் மகளின் பெயரையும் சொல்லித்தான் அறிமுகம் செய்ய வேண்டியிருக்கிறது, இப்போது நானும் அதைத்தான் செய்தேன்.

இன்றைய கலைஞர்களிடம் மீராவின் தாக்கம் என்று எதைக் காட்டுவீர்கள்?

அவருடைய சாயலில் செய்கிற பேர் நிறைய. நூலிழைத்த மேற்பரப்பு, நீண்ட கழுத்து, தலைக்குமேல் உயர்ந்த கை என்று ஓட்டல் வரவேற்பறைகளில் பார்க்கலாம். ஏலத்தில் அவருடைய சிற்பங்கள் கோடிகளுக்குப் போகத் தொடங்கிய பிறகு இது கூடியிருக்கிறது. அதை நான் தாக்கம் என்று சொல்ல மாட்டேன். முறுக்கு அச்சு ஒன்றாக இருந்தால் எல்லா வீட்டு முறுக்கும் ஒரே ருசியா?

எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. வார்ப்பவரிடம் போய்க் கற்றுக்கொள்வது, அவருடைய அறிவை அறிவாக மதிப்பது, அதை எழுதி வைப்பது. நவீனச் சிற்பிகளில் பலர் மாதிரியை மட்டும் செய்து வார்ப்புக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு, முடிந்ததும் வாங்கிக்கொள்வார்கள். மீரா மெழுகிலிருந்து உலை வரைக்கும் கூடவே நின்றார்.

இந்த வழியில் இன்னும் கொஞ்ச தூரம் நடந்தவர் என்று நான் நினைப்பது நவ்ஜோத் அல்தாப். மும்பைக் கலைஞர். 1990களின் பிற்பகுதியில் பஸ்தரின் கொண்டகாவுனுக்குப் போய், ராஜ்குமார் கோராம், சாந்திபாய், கெஸ்ஸுராம் போன்ற அங்கத்திய கலைஞர்களோடு சேர்ந்து வேலை செய்யத் தொடங்கினார். அவர் மீராவின் சிஷ்யை என்று சொல்லவில்லை. ஆனால் அங்கே எல்லார் பெயரும் சமமாக வந்தது. அவர்கள் சேர்ந்து செய்ததில் எனக்கு ரொம்பப் பிடித்தது 'நல்பார்'. கிராமத்து அடிபம்பைச் சுற்றி மேடை கட்டி, பெண்கள் குடத்தை நடுவில் ஒரு உயரத்தில் வைத்துவிட்டு அங்கிருந்து தூக்கிக்கொள்ளும்படி அமைத்தார்கள். தண்ணீர் தூக்கும் இடுப்பை நினைத்துச் செய்த சிற்பம். சாந்திபாயும் பெண், மரச் சிற்பி. அவருடைய பெயரை நான் பேச்சில் இரண்டு தடவை சொல்வேன், பிள்ளைகள் குறித்துக்கொள்ளட்டும் என்று.

நம் டெல்டாவிலும் சத்தமில்லாமல் ஒன்று மாறியிருக்கிறது. வெளியூர்ச் சிற்பிகள் தங்கள் நவீன வேலைகளை வார்க்கச் சுவாமிமலைக்கு வருகிறார்கள். சிலர் உலோகம் ஓடிய வழியின் அடிக்கட்டையையே வெட்டாமல் விடச் சொல்கிறார்கள், பூச்சு மண்ணின் கறையைத் தேய்க்காதீர்கள் என்கிறார்கள். ஆரம்பத்தில் பட்டறைக்காரர்கள் சிரித்தார்கள். இப்போது அவர்களே, "இதுக்கு எவ்வளவு ராவணும், எங்கே நிறுத்தணும்?" என்று கேட்கிறார்கள். 'எங்கே நிறுத்துவது' என்பது நவீனச் சிற்பியின் கேள்வி. அதை ஸ்தபதி கேட்கிற நாள் வந்ததில் மீராவுக்கும் ஒரு பங்கு உண்டு என்பது என் கட்சி.

நம் சோழர் சிற்பிகள் பெயரும்தான் தெரியாது. அவர்கள் அதற்காகக் குறைந்தா போனார்கள்?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் பெரும்பாலும் பெருமையோடு கேட்கிறார்கள். தன்னை மறைத்துக்கொள்வதுதான் கலைஞனின் தவம் என்று நமக்குச் சொல்லிச் சொல்லிப் பழக்கம். கொஞ்சம் கல்வெட்டைப் பார்ப்போம்.

பெரிய கோயில் சுவரில் பெருந்தச்சன் பெயர் இருக்கிறது: வீரசோழன் குஞ்சரமல்லனான ராஜராஜப் பெருந்தச்சன். கோயிலில் ஆடிய நானூறு தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர், எந்தத் தெரு, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர் என்று வரிசையாக இருக்கிறது. செப்புத்திருமேனிகளுக்கு வந்தால், பாதத்திலிருந்து கேசம்வரை எத்தனை விரல் உயரம், எத்தனை கை, நகையில் எத்தனை முத்து என்பதெல்லாம் இருக்கிறது. கொடுத்தவர் பெயர் இருக்கிறது. குந்தவை தன் தகப்பனார் சுந்தர சோழருக்கும் தாயார் வானவன்மாதேவிக்கும் படிமம் எழுந்தருளுவித்தது எழுதியிருக்கிறது. ஆக, அந்தக் காலத்தில் பெயர் எழுதும் வழக்கம் இல்லாமல் இல்லை. கொடுத்த பெண்ணின் பெயரும் ஆடிய பெண்ணின் பெயரும் நிற்கின்றன. மெழுகு பிடித்தவன் பெயர் மட்டும் நிற்கவில்லை. முத்தை எண்ணி எழுதியவர்களுக்கு ஒரு பெயர் எழுத இடமா இல்லை?

தஞ்சை அரண்மனைக் கலைக்கூடத்தில் திருவெண்காட்டு ரிஷபவாகன தேவர் இருக்கிறார், 1011ஆம் ஆண்டு. காளை இல்லாமலே காளையின் மேல் சாய்ந்து நிற்கிற அந்தக் கை. அவர் முன்னால் நிற்கும்போதெல்லாம், இதைச் செய்தவனை என்ன பெயர் சொல்லி அம்மா சாப்பிடக் கூப்பிட்டிருப்பாள் என்று தோன்றும்.

மீராவின் வேலையை நான் இந்த ஊரிலிருந்து பார்ப்பதால் இப்படித் தெரிகிறது. அவர் தன் கையின் தடத்தை அழிக்காமல் விட்டார். கூடவே தனக்குச் சொல்லிக்கொடுத்தவர்களைத் தேடிப்போய் அவர்கள் தொழிலையும் வாழ்க்கையையும் எழுத்தில் வைத்தார். 2023இல் ஜி20 மாநாட்டுக்காக 27 அடி நடராசர் சுவாமிமலையிலிருந்து டெல்லிக்குப் போனபோது ஸ்தபதிகளின் பெயரும் செய்தியில் வந்தது. நல்ல விஷயம். பத்து அடிக்குக் கீழே உள்ள சாமிகளுக்கும் அது வரவேண்டும்.

சுவாமிமலைப் பட்டறைகளில் பெண்கள் இருக்கிறார்களா?

இருக்கிறார்கள், கேட்டால் மட்டும் தெரியும். ஒரு வீட்டில் வண்டலைத் துணியில் சலித்துக்கொண்டிருந்த அம்மாவிடம் "நீங்களும் சிலை வேலை செய்வீங்களாம்மா?" என்று என் மாணவி கேட்டாள். "நானா? இல்ல பாப்பா, இவங்கதான்" என்று கணவரைக் காட்டினார். பத்து நிமிஷம் கழித்து அந்தக் கணவர், மெழுகில் பொடி நகை வேலை எல்லாம் அவர்தான் ஒட்டுவார் என்று சாதாரணமாகச் சொன்னார். மாலையில் ஒவ்வொரு மணியும் கடுகு அளவு. அந்தம்மாவின் கணக்கில் அது சிலை வேலையில் சேரவில்லை.

தலைமுறை மாறுகிறது. கவின்கலைக் கல்லூரிகளில் சிற்பம் எடுக்கும் பெண்களை இப்போது பார்க்கிறேன். உலைக்குப் பக்கத்தில் வரும்போது துப்பட்டாவைக் கழற்றி வைத்துவிட்டு வா என்பது மட்டும்தான் என் கட்டளை.

மீரா கந்தா தையலும் செய்தார் என்கிறார்களே?

பழைய சேலைகளை அடுக்கி ஓட்டுத்தையல் போடுவது வங்காளத்துக் கந்தா. மீரா கிராமத்துப் பிள்ளைகளை வரையச் சொல்லி, அந்தப் படங்களைக் கந்தாவில் கொண்டுவந்தார். அந்தத் தையலோட்டமும் அவருடைய மெழுகுக் கோடும் அக்கா தங்கை.

என் மகளுக்கு மெழுகு வேலை பிடித்திருக்கிறது. வீட்டில் செய்து பார்க்கலாமா?

மெழுகு வரைக்கும் தாராளமாக. தேன்மெழுகும் குங்கிலியமும் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். காய்ச்சும்போது பெரியவர் ஒருவர் கூட இருக்கவேண்டும், நேரடி நெருப்பில் வைக்காமல் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் பாத்திரம் வைத்து உருக்குங்கள். எண்ணெய் கூடினால் பிசுபிசுக்கும், குங்கிலியம் கூடினால் உடையும். வெயில் காலத்துக்கும் மழைக்காலத்துக்கும் பக்குவம் மாறும், கை சொல்லும். வார்ப்பை மட்டும் வீட்டில் முயலவே கூடாது. அச்சில் துளி ஈரம் இருந்தாலும் உருகிய உலோகம் தெறிக்கும். அதற்குப் பட்டறை இருக்கிறது.

முதலில் சாமி செய்யச் சொல்லாதீர்கள். சாமிக்கு அளவு உண்டு, தப்பு வந்தால் பிள்ளை பயந்துவிடும். வாசலில் பார்த்ததைச் செய்யட்டும். என் மாணவி ஒருத்தி ரேஷன் கடை வரிசையில் பையைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு நிற்கும் ஆயாவைச் செய்தாள், ஒரு சாண் உயரம். பட்டறையில் வார்த்து, மண்ணை உடைத்து எடுத்தபோது முதுகில் அவளுடைய கட்டைவிரல் ரேகை பளிச்சென்று தெரிந்தது. ஸ்தபதி அரத்தைக் கையில் எடுத்துக்கொண்டு அவளைப் பார்த்தார். அவள் என்னைப் பார்த்தாள். "உன் சிலை, நீ சொல்லு" என்றேன். வழியின் கட்டையை மட்டும் அறுத்துவிட்டு அப்படியே கையில் கொடுத்தார்.

இதையெல்லாம் எங்கே போய்ப் பார்க்கலாம்?

மீராவின் சிற்பங்களுக்கு டெல்லி தேசிய நவீனக் கலைக்கூடம், அப்புறம் நான் சொன்ன ஓட்டல் அசோகர். தஞ்சை ஜில்லாவில் ஒன்றும் இல்லை.

வார்ப்பைப் பார்க்கக் கும்பகோணத்திலிருந்து சுவாமிமலை அரை மணி நேரம்கூட ஆகாது. காலையில் போனால் மெழுகு வேலை பார்க்கலாம். உலோகம் ஊற்றுவது தினமும் நடக்காது, முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். நல்ல நாள், நேரம் எல்லாம் பார்த்துத்தான் ஊற்றுவார்கள். படம் எடுக்கும் முன் அனுமதி கேளுங்கள், கண் திறக்கிற நேரத்தில் கேட்கவே கேட்காதீர்கள். ஒரு நாள் முழுக்க இருந்தால் மதியம் தஞ்சை அரண்மனைக் கலைக்கூடம், திரும்பும் வழியில் தாராசுரம். கோனேரிராஜபுரத்துப் பெரிய நடராசரை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள், அவரை அவசரத்தில் பார்க்க முடியாது.

மே மாதம் வேண்டாம். உலை சூடும் வெயிலும் சேர்ந்து நம்மால் நிற்க முடியாது, மெழுகும் நிற்காது.